புலிகேசி நகரில் மாதா கோயில் மணி

பிளேக் நோய்க்குப் பயந்து கட்டப்பட்ட பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கிறிஸ்தவமும் தமிழும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன. கர்த்தரிடம் எந்த மொழியில் பேசுவது என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்து வளர்ந்த தமிழர்களுக்குப் புலிகேசி என்றால் வில்லன். பல்லவ நாட்டைச் சூறையாட வந்தவன். நரசிம்மவர்மனின் படை வாதாபியை அழித்தபோது வீழ்ந்தவன். கர்நாடகத்தில் அதே மன்னன் கன்னடப் பெருமையின் சின்னம். பெங்களூர் கண்டோன்மெண்ட் பகுதியிலேயே தமிழ் அதிகம் காதில் விழும் பேட்டைகளில் ஒன்றான பிரேசர் டவுனுக்கு 1988-ல் புலிகேசி நகர் என்று பெயர் சூட்டியவர்கள் இந்த வேடிக்கையை யோசித்தார்களா என்று சொல்ல முடியாது. தபால்காரரும் வாக்காளர் பட்டியலும் புதிய பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆட்டோக்காரர்களுக்கு இன்றும் அது பிரேசர் டவுன்தான்.

அந்த பிரேசர் ஒன்றும் பெரிய வீரரல்ல. ஸ்டூவர்ட் பிரேசர், மைசூர் இளவரசராக இருந்த நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பின்னர் மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக அமர்ந்தவர். 1910-ல் உருவான புதிய பேட்டைக்கு அவர் பெயரை வைத்தார்கள். பக்கத்துப் பேட்டையான ரிச்சர்ட்ஸ் டவுன், கண்டோன்மெண்டின் கலெக்டராக இருந்த எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. காக்ஸ் டவுன், குக் டவுன், கிளீவ்லேண்ட் டவுன் என்று சுற்றிலும் எல்லாமே வெள்ளைக்காரர்களின் பெயர்கள். ஆனால் இந்தப் பேட்டைகள் பிறந்ததற்குக் காரணம் எந்த வெள்ளைக்காரரும் அல்ல. எலிதான்.

1898 ஆகஸ்டில் ரயிலேறி வந்தது பிளேக். பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். நெரிசல் மிகுந்த பிளாக்பள்ளியில், அதாவது இன்றைய சிவாஜி நகரில், குடும்பம் குடும்பமாக மக்கள் செத்தார்கள். மைசூர் அரசு தன் எல்லைக்குள் மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் கட்டியது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கண்டோன்மெண்ட் சற்றுத் தாமதமாக, பிரேசர் டவுனைக் கட்டியது. தாமதத்திலும் ஒரு லாபம் இருந்தது. பிளேக்கைப் பரப்புவது கெட்ட காற்றல்ல, எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி என்று கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கண்டுபிடித்ததும் அதே 1898-ல்தான். உலகம் அதை நம்பப் பத்து வருடம் பிடித்தது. பிரேசர் டவுன் எழுந்தபோது நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. எனவே அகலமான நேர் தெருக்கள், காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகள், எலி வளை தோண்ட இடம் தராத கட்டுமானம் என்று திட்டமிட்டார்கள். இந்த வேலையை விவரித்து இன்ஜினியர் ஜே.எச். ஸ்டீபன்ஸ் எழுதிய புத்தகம் 1914-ல் வெளியானது. வெளியிட்டது அரசாங்க அச்சகம் அல்ல, சென்னை மெதடிஸ்ட் பதிப்பகம். பிரேசர் டவுனின் கதையில் கிறிஸ்தவ மிஷன்கள் எப்படி எதிர்பாராத மூலைகளிலெல்லாம் வந்து நிற்கின்றன என்பதற்கு இது ஒரு சின்ன அடையாளம்.

பிளேக் வந்தபோது மக்கள் கடவுளிடமும் ஓடினார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் எழுந்தது போலப் பெங்களூரிலும் பிளேக் அம்மன்கள் தோன்றினார்கள். பிளாக்பள்ளித் தமிழர்களில் கிறிஸ்தவர்கள் தங்கள் மாதாவிடம் போனார்கள். அவள் அங்கே ஆரோக்கிய மாதா. ஆகஸ்ட் 29-ல் கொடியேற்றி செப்டம்பர் 8-ல் தேர் இழுக்கும் இன்றைய செயின்ட் மேரீஸ் பசிலிக்கா திருவிழாவில், காவி நிறச் சேலை கட்டிக் கால்நடையாக வரும் பெண்களில் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்ல. மாதாவுக்குச் சேலை சாத்துகிறார்கள், மொட்டை போடுகிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். வேளாங்கண்ணியைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. மாரியம்மனிடம் கேட்டதைத்தான் மாதாவிடமும் கேட்டார்கள்: வீட்டில் சாவு விழக்கூடாது.

இந்த மாதா கோயிலின் வேர் பிளேக்கைவிட மிகப் பழையது. செஞ்சிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் 17-ம் நூற்றாண்டில் எழுப்பிய ஓலைக் குடிசைதான் முதல் கோயில் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்தக் குடிசையில் பூசை வைத்தவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூர்ச் சீமையில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கர்களைத் திரட்ட வந்தவர். இந்தியர்களைப் போல உடுத்தி, சைவ உணவு உண்டு, ஊர் ஊராகச் சுற்றியவர். இந்துக்களின் பழக்க வழக்கங்கள் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் விற்கிறது. அதைவிட முக்கியமான இன்னொரு சாதனை அதிகம் பேசப்படுவதில்லை. ஜென்னரின் அம்மைத் தடுப்பூசி கண்டுபிடிக்கப்பட்டுச் சில வருடங்களே ஆகியிருந்த 1803-04-ல், 25,000-க்கும் அதிகமான மைசூர் மக்களுக்கு அது போடப்படுவதற்குத் துபுவா காரணமாக இருந்தார். ஆன்மாக்களை மீட்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. இந்துக்களை மதம் மாற்றுவது நடக்கிற காரியமல்ல என்று 1823-ல் வெளிப்படையாகவே எழுதிவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போனார். மிஷன்கள் அவர்மேல் எரிந்து விழுந்தன.

துபுவா போனாலும் தமிழர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மலேரியாவுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் ஆங்கிலேயப் படை 1809 வாக்கில் பெங்களூருக்கு இடம் மாறியபோது, அதன் பின்னாலேயே ஒரு தமிழ்ப் பட்டாளமும் நடந்து வந்தது. ஆற்காட்டு முதலியார்கள் ஒப்பந்தக்காரர்களாகவும் வியாபாரிகளாகவும் வந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் சமையல்காரர்கள், பட்லர்கள், ஆயாக்கள், குதிரைக்காரர்கள், புல் அறுப்பவர்கள், தோல் பதனிடுபவர்கள். இவர்களில் பெரும் பகுதி ஊரில் சேரியில் வைக்கப்பட்டிருந்தவர்கள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு ரயில் வந்ததும் இந்த வரவு பெருகியது. 1881-ல் மைசூர் மீண்டும் மகாராஜா கைக்குப் போனபோதும் கண்டோன்மெண்டை ஆங்கிலேயர் விடவில்லை. 1947 வரை பெங்களூர் இரண்டு ஊர். மேற்கே கன்னடம் பேசும் பேட்டை. கிழக்கே தமிழும் உருதுவும் ஆங்கிலமும் பேசும் கண்டோன்மெண்ட். இன்றைய மொழித் தகராறுகளின் வேர் இந்த இரட்டைக் குடித்தனத்தில் இருக்கிறது.

கண்டோன்மெண்டுக்கு வந்த மிஷனரிகள் சோல்ஜர்களுக்குப் பிரசங்கம் செய்ய வந்தவர்கள். சோல்ஜர்களைவிட அவர்களின் பட்லர்கள் கவனமாகக் கேட்டார்கள். 1820-களின் தொடக்கத்திலேயே லண்டன் மிஷனும் வெஸ்லியன் மிஷனும் தமிழ் வேலையை ஆரம்பித்துவிட்டன. வெஸ்லியன்களின் எலைஜா ஹூல் தமிழ் கற்றுத் தேர்ந்தவர். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் தமிழ் ஆங்கிலிக்கர்களுக்கென்றே செயின்ட் பால்ஸ் ஆலயம் 1840 வாக்கில் எழுந்தது. கத்தோலிக்கர்களின் பெரிய சொத்து, பிரேசர் டவுனை ஒட்டிய செயின்ட் ஃபிரான்சிஸ் சேவியர் கதீட்ரல். 1851-ல் கட்டிய சிறிய கோயில் இருந்த இடத்தில், 1911-ல் தொடங்கி 1932 வரை கல் மேல் கல்லாக ஏற்றிய கட்டடம். அதன் கருங்கல் சுவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் எந்த வீடும் பொம்மை வீடாகத்தான் தெரியும். 1940-ல் பெங்களூர் தனி மறைமாவட்டமானபோது இதுவே ஆயரின் கோயிலாயிற்று.

கோயில்களைவிட ஆழமாக ஊரை மாற்றியவை பள்ளிக்கூடங்கள். பிரேசர் டவுனின் பிராமனேட் ரோடில் காலை எட்டு மணிக்கு நடந்தால் சீருடைகளின் ஊர்வலத்துக்குள் சிக்கிக்கொள்ள வேண்டும். 1882-ல் பிரான்ஸின் தார்ப் நகரிலிருந்து வந்து இறங்கிய செயின்ட் ஜோசப் கன்னியர்களின் வழியில் வந்த செயின்ட் ஃபிரான்சிஸ் சேவியர் பெண்கள் பள்ளி, செயின்ட் ஜெர்மைன்ஸ், சற்றுத் தள்ளி ரிச்சர்ட்ஸ் டவுனில் ரெட்வுட் சகோதரர்கள் 1914-ல் தொடங்கிய கிளாரன்ஸ். இவற்றின் நடுவே, பெயரிலும் தோற்றத்திலும் அடக்கமாக நிற்கிறது குட்வில்ஸ் பெண்கள் பள்ளி. 19-ம் நூற்றாண்டின் நடுவில் வெஸ்லியன் தமிழ் மிஷன் தமிழ்ப் பெண் குழந்தைகளுக்காக ஆரம்பித்தது. புல் அறுப்பவரின் மகளுக்கு எழுத்தறிவு எதற்கு என்று அவளுடைய சாதிக்காரர்களே கேட்ட காலம் அது.

பள்ளியின் பெயரைப் பார்த்து நல்லெண்ணத்தைக் குறிக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. குட்வில் என்பது ஆளின் பெயர். ஃபிரெடெரிக் குட்வில் வெஸ்லியன் தமிழ் மிஷனின் பாதிரியார். தமிழர்களுக்குப் பிரசங்கித்துவிட்டு ஓய்வு நேரத்தில் பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கல்வெட்டுகளையும் கோட்டைகளையும் தேடி அலைந்தார். நந்தி மலை முதலான இடங்களின் வரலாறு பற்றி மிதிக் சொசைட்டியின் இதழில் எழுதினார். அந்தச் சொசைட்டியின் கதையும் இந்தப் பேட்டைக்குச் சொந்தமானதுதான். 1909-ல் அதை ஆரம்பிக்க முன்னின்றவர் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பெயர் கொடுத்த அதே கலெக்டர் ரிச்சர்ட்ஸ். நீண்ட காலம் தலைவராக இருந்தவர் தபார் என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார். கர்நாடக வரலாற்று ஆராய்ச்சிக்கு இன்றும் தளமாக இருக்கும் ஒரு நிறுவனத்தை ஒரு கலெக்டரும் ஒரு பாதிரியாரும் தாங்கினார்கள். தமிழ் மிஷனரி அதில் கட்டுரை எழுதினார். கன்னடம், தமிழ் என்ற கோடு அன்று அவ்வளவு தடிமனாக இருக்கவில்லை.

தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் பிரேசர் டவுனிலிருந்து சில நிமிட ஆட்டோ தூரத்தில், மில்லர்ஸ் ரோடில் நடந்தது. 1910-ல் பல மிஷன்கள் கூடி நிறுவிய யுனைடெட் தியாலஜிகல் காலேஜின் தொடக்க கால முதல்வர் எல்.பி. லார்சன், டென்மார்க்காரர். தமிழில் அவருக்கு இருந்த புலமையைத் தமிழர்களே வியந்தார்கள். தமிழ் பைபிளைத் திருத்தும் பெரும் பணி அவர் தலைமையில் நடந்தது. 1936-ல் முழு பைபிளும் வெளியானது. மூலத்துக்கு நெருக்கமானது, நடையும் தெளிவானது என்று அறிஞர்கள் பாராட்டினார்கள். சபையார் அதைத் தொடவில்லை! 1871-ன் பவர் மொழிபெயர்ப்பு அவர்களின் நாக்கில் ஊறிப்போயிருந்தது. இன்றும் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அந்தப் பழைய பைபிள்தான். வேதத்தின் மொழியை அறிஞர்கள் தீர்மானிக்கலாம்; ஜெபத்தின் மொழியைப் பாட்டிகள்தான் தீர்மானிக்கிறார்கள்.

கத்தோலிக்கர்களுக்கு நீண்ட காலம் இந்தத் தலைவலி இல்லை. பூசை லத்தீனில் நடந்தது. யாருக்கும் புரியாததால் யாருக்கும் மனக்குறை இல்லை. ஐரிஷ் சோல்ஜரும் ஆங்கிலோ-இந்திய கார்டும் தமிழ் பட்லரும் கன்னட விவசாயியும் ஒரே 'டோமினுஸ் வோபிஸ்கும்' கேட்டு எழுந்து நின்றார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் இனி மக்கள் மொழியில் பூசை வைக்கலாம் என்று கதவைத் திறந்தது. உலகத்துக்கெல்லாம் விடுதலையாகத் தெரிந்த அறிவிப்பு, பெங்களூரில் ஒரு கேள்வியாக வந்து விழுந்தது. எந்த மக்களின் மொழி?

அந்தக் கேள்வி எழுந்த நேரத்தில் பெங்களூர்ப் பேராயராக இருந்தவர் ஒரு தமிழர். தென்னார்க்காட்டின் கல்லேரி கிராமத்தில் பிறந்த டி. சைமன் லூர்துசாமி 1968-ல் பொறுப்பேற்றார். 1971-ல் ரோமாபுரி அவரை அழைத்துக்கொண்டது; 1985-ல் கார்டினலானார். அவருடைய தம்பி டி.எஸ். அமலோர்பவதாஸ் இன்னும் சுவாரசியமான ஆள். பிரேசர் டவுனுக்குக் கிழக்கே ஹட்சின்ஸ் ரோடில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை 1967 வாக்கில் உருவாக்கி, இந்தியக் கத்தோலிக்க வழிபாட்டை இந்தியமயமாக்கும் பட்டறையாக அதை மாற்றினார். 1969-ல் ரோமின் ஒப்புதல் பெற்ற 12 அம்சங்கள் இவை போன்றவை: தரையில் சம்மணமிட்டு அமர்வது, செருப்பைக் கழற்றுவது, மண்டியிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குவது, மெழுகுவர்த்திக்குப் பதில் குத்துவிளக்கு, ஆரத்தி. இன்று எந்த ஊர் மாதா கோயிலிலும் ஆரத்தி எடுப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று எதிர்ப்பு பலமாக வந்தது. 'இந்துவாக்குகிறார்' என்று கத்தோலிக்கர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள். இந்துக்களில் சிலர் இது மதம் மாற்றும் தந்திரம் என்றார்கள். அமலோர்பவதாஸ் இரண்டு பக்கத்து அடியையும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். மைசூரில் அஞ்சலி ஆசிரமம் அமைத்த அவர் 1990-ல் சாலை விபத்தில் இறந்தார்.

குத்துவிளக்கிலும் ஒரு சிக்கல் இருந்தது. அது யாருடைய குத்துவிளக்கு? இந்திய மரபு என்று எடுத்தது பெரும்பாலும் கர்ப்பகிருக மரபு. கோயிலுக்குள் விடப்படாதவர்களின் பேரப்பிள்ளைகள்தான் கண்டோன்மெண்ட் சபைகளில் கணிசமானவர்கள். அவர்கள் சாதியிலிருந்து தப்ப சர்ச்சுக்கு வந்தார்கள். சாதியும் பின்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இந்தக் கேள்வியை இறையியலாகவே எழுப்பியதும் மில்லர்ஸ் ரோடு கல்லூரிதான். 1981-ல் அரவிந்த் நிர்மல் அங்கே ஆற்றிய உரையில், இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனை இதுவரை பிராமண மரபோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தது என்றார். சர்ச்சில் பெரும்பான்மையாக இருப்பவர்களின் வலி அதில் எங்கே என்று கேட்டார். தலித் இறையியல் என்று இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருப்பது அந்த உரையிலிருந்து வளர்ந்தது. ஆரத்தித் தட்டும் அதற்கான மறுப்பும் சில கிலோமீட்டர் இடைவெளியில் பிறந்திருக்கின்றன.

மொழிச் சண்டை இறையியலாக இருக்கவில்லை, தெருவுக்கு வந்தது. நகரைச் சுற்றியுள்ள கிராமங்களின் கன்னடக் கத்தோலிக்கர்கள், தங்கள் மாநிலத் தலைநகரில் தங்கள் மொழிக்கு முதலிடம் இல்லையே என்று கேட்டார்கள். எண்ணிக்கையில் நாங்கள்தானே அதிகம் என்பது தமிழ்த் தரப்பின் பதில். இரண்டிலும் நியாயம் இருந்தது என்பதுதான் கஷ்டம். 1982-ன் கோகாக் கிளர்ச்சி கன்னட உணர்வை மாநிலமெங்கும் மூட்டியபோது சர்ச் மட்டும் விலகி நிற்க முடியவில்லை. பூசை நடுவே கோஷங்கள், ஆயர் இல்லத்தின் முன் மறியல், குருமடத்தில் எந்த மொழிக்காரர் எத்தனை பேர் என்ற கணக்கு என்று வருடங்கள் ஓடின. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் பெங்களூர்த் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, கிறிஸ்தவத் தமிழர், இந்துத் தமிழர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதே வருடம் அல்சூரில் வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, துணி போர்த்தப்பட்டபடியே 2009 வரை காத்திருந்தது.

ஆனால் பிரேசர் டவுன் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஊரல்ல. அதற்கு நேரமும் இல்லை, சாப்பிட வேண்டியிருக்கிறது. மசூதி ரோடில் ஹாஜி சர் இஸ்மாயில் சேட் மசூதியைத் தாண்டினால் 1902 முதல் இயங்கும் ஆல்பர்ட் பேக்கரி. பெயர் கிறிஸ்தவப் பெயர். நடத்துவது முஸ்லிம் குடும்பம். மூளை பஃப் வாங்க எல்லாச் சாதியும் வரும். புனித வெள்ளியன்று சிலுவை போட்ட பன் வாங்க, நோன்பிருக்கும் கத்தோலிக்கர்கள் வரிசையில் நிற்பார்கள். ஈஸ்டருக்கு மார்சிபன் முட்டைகளும் அங்கேயே. கிறிஸ்துமஸ் கேக்குக்கு வீலர் ரோடு தாம்ஸ் பேக்கரியில் கூட்டம் நெரியும். கன்னடர், தமிழர், மலையாளி, ஆங்கிலோ-இந்தியர் என்ற வித்தியாசத்தை பிளம் கேக் பார்ப்பதில்லை.

ஆங்கிலோ-இந்தியர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். ஓடு வேய்ந்த வீடுகள் இருந்த இடங்களில் நாலு மாடி, ஐந்து மாடி அபார்ட்மெண்டுகள். எலிக்கு எதிராக அளந்து விட்ட இடைவெளிகளில் கார்கள் நிற்கின்றன. தமிழ்வழி வகுப்புகள் தேய்ந்துவிட்டன. பட்லரின் கொள்ளுப்பேரன் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார், அவருடைய பிள்ளைக்குப் பள்ளியில் ஆங்கிலம் முதல் மொழி, கன்னடம் இரண்டாம் மொழி. வீட்டில் தமிழ் கேட்கும், பேசும், எழுதத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கதீட்ரல் வளாகத்தில் பூசைகள் ஷிஃப்ட் முறையில் நடக்கின்றன. ஒரு மொழிக்காரர்கள் வெளியே வரும் நேரத்தில் அடுத்த மொழிக்காரர்கள் ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடுகிறார்கள். தமிழ்ப் பூசையில் முன்வரிசைப் பாட்டிகள் புத்தகம் பார்ப்பதில்லை, எல்லாம் மனப்பாடம். பின்வரிசையில் பேரப்பிள்ளைகள் செல்போனைப் பார்த்து அதே பாட்டைப் பாடுகிறார்கள். திரையில் ஓடும் வார்த்தைகள் தமிழ்தான், எழுத்து ஏ, பி, சி, டி. அறுபதுகளில் வெளியே அனுப்பிய லத்தீன், எழுத்தாக மட்டும் உள்ளே திரும்பி வந்திருக்கிறது. பாட்டிகளுக்கு அது தெரியாது. சுருதி சேர்ந்தே இருக்கிறது.